பாரிஸிலிருந்து தவறி வந்த பலூன்

நோர்வேயில் லில்லெஸ்ட்ரோம் பக்கம் நான் வேலை செய்கிற நூலகத்தில் ஓர் இலையுதிர் காலத்தில் பலூன்களைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். பிறந்தநாளுக்கு ஊதுகிற பலூன் அல்ல, மனிதர் முதன்முதலில் வானத்தில் ஏறிய பெரிய பலூன்கள். பொறுப்பு என்னிடம் வந்ததால் பல வாரமாக வீட்டிலும் அதே கதைதான்.

பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் என் கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வேன். முதல் பயணிகள் ஒரு செம்மறியாடு, ஒரு வாத்து, ஒரு சேவல். அதன் பிறகு பிரான்ஸில் சனத்துக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டில் பலூன், விசிறியில் பலூன், கதிரையின் முதுகில் பலூன். பெண்கள் தலைமுடியைக்கூட பலூன் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள்.

“எங்கடை சனம் நடிகையின்ரை சீலையைப் பாத்துக் கட்டுற மாதிரி,” என்றார்.

அவருக்கு மிகவும் பிடித்தது நோர்வேக் கதைதான். பாரிஸை எதிரிப் படை சுற்றி வளைத்திருந்த காலத்தில், வெளியே போக வானம் மட்டும்தான் வழி. கடித மூட்டைகளோடு புறப்பட்ட ஒரு பலூனைக் காற்று வடக்கே கடலுக்கு மேலால் தள்ளிக்கொண்டு போனது. அதில் இருந்த இரண்டு பேரும் ஒரு பனிமலையில் குதித்தார்கள். எந்த நாடென்று தெரியாது. மரம் வெட்டுகிறவர்களின் குடிசையில் கிடந்த தீப்பெட்டியில் ஒஸ்லோவின் பழைய பெயரைக் கண்டபோதுதான் நோர்வே என்று விளங்கியது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நானும் உப்பிடித்தானே வந்தனான். ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் கனடா எண்டு சொல்லி ஏத்தினவன். இறங்கிப் பாத்தா இஞ்சை.”

கண்காட்சிக்குத் தானே ஒரு பலூன் செய்து தருவதாகச் சொன்னார். பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் நீலத் துணி வாங்கி வந்து, லீவு நாட்களில் தையல் மெசினுக்கு முன்னால் குந்தினார். ஒருநாள் தைத்துக்கொண்டே கேட்டார்.

“பிறகு அந்த ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?”

“ஒஸ்லோவிலை பெரிய வரவேற்பு. விருந்து, பாட்டு, ரோட்டு முழுக்கச் சனம்.”

“கடிதங்கள்?”

“மூட்டையளைக் கண்டெடுத்து அனுப்பிப்போட்டினம். ஆனா ஒரு முக்கியமான செய்தி இருந்தது. உள்ளுக்குள்ளை இருக்கிற படை முற்றுகையை உடைச்சு வெளியிலை வரப்போகுது, வெளியிலை இருக்கிற படை வந்து சேரவேணும் எண்டு. அது நோர்வே சுத்திப் போய்ச் சேரப் பிந்திப் போச்சு. உதவி வரேல்லை. கனபேர் செத்துப் போச்சினம்.”

மெசின் நின்றுவிட்டது. அவர் துணியில் கையை வைத்தபடி இருந்தார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

“தங்கச்சி போன் எடுத்தவள்,” என்றார்.

அவருடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு வன்னியில், போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவள். அது எனக்குத் தெரியும். அவள் தொலைபேசியில் கூப்பிட்டது தெரியாது.

“நான் பஸ் ஓடிக்கொண்டு நிண்டனான். போன் பையுக்குள்ளை. வேலை முடிஞ்சு வந்து பாத்தா குரல் பதிவு. ‘அண்ணா, நாங்கள் இஞ்சையே இருக்கிறதோ, கடற்கரைப் பக்கம் வெளிக்கிடுறதோ. நீங்கள் சொல்லுங்கோ. பிறகு எடுக்கிறன்’ எண்டு. திருப்பி எடுக்க நம்பர் இல்லை. லீவு போட்டிட்டுப் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். அவள் எடுக்கேல்லை.”

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“நான் அண்டைக்குப் போனைத் தூக்கியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.”

அந்தக் குரலைத் தொலைபேசிக் கம்பனி தானாகவே அழித்துவிட்டது என்றும் சொன்னார். அப்போதுதான் அழுதார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் அழுததை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பலூனை எப்படியோ தைத்து முடித்தார். திறப்பு நாளில் அது கூரையில் அழகாகத் தொங்கியது. வந்திருந்தவர்களுக்குப் பலூனில் வந்த அந்த இருவரின் கதையைச் சொன்னபோது நான் விருந்தோடு நிறுத்திவிட்டேன். ஒரு நோர்வேத் தாய் கேட்டாள், கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று. பின்வரிசையில் நின்ற என் கணவர் நோர்வே மொழியில் பதில் சொன்னார்: “கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. உயிரைக் காப்பாற்றக்கூடிய செய்தி மட்டும் பிந்திவிட்டது. கொண்டுவந்தவர்களில் பிழை இல்லை. காற்று அப்படி அடித்தது.” சொல்லிவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றார்.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். நவம்பர் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற மாதம். ஒவ்வொரு வருஷமும் தங்கச்சிக்குப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று கேட்பேன். “அவள் செத்ததை ஆர் கண்டது?” என்று எழும்பிப் போய்விடுவார். அந்த வருஷம் நான் கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தானே சுவாமியாரிடம் போனார். இறந்தவர்களுக்கான பூசைக்குத் தங்கையின் பெயரைச் சொன்னார். மூத்த பிள்ளையின் பெயரைச் சொன்னார். சின்னவளின் பெயர் வாயில் வரவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.