ஆயம்மாவின் கொழுந்து டொபி

எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா மெலிந்தவர். கைவேலையில் இறங்கினால் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். தீபாவளிக்குப் பால் டொபி மிட்டாயில் பச்சைச் சாயம் கலந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து போலவே வெட்டிவிடுவார். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாம் அவர் வாசலில்தான். நான் விரதமிருந்து சாமிக்குப் படைத்த டொபி தட்டிலேயே கிடக்கும். எனக்கு வயிறு எரியும்.

போன தீபாவளிக்குத் தட்டோடு போய்க் கேட்டேவிட்டேன். "சாமிக்குக் காட்டாம பிள்ளைங்க வாயில போடுறீங்களே, ஆயம்மா?"

"அதுவரைக்கும் அதுங்க நிக்குதாக்கா? இது படைச்சதா? எனக்கு ஒண்ணு தாங்க. தீபாவளிக்கு எனக்குன்னு யாரும் கொண்டாந்ததே இல்ல."

சண்டைக்குப் போனவள்தான். வெட்கத்தோடு தட்டையே கொடுத்துவிட்டேன். ஆனாலும் முருகா, திரும்பும்போது என் மகளே அந்தக் கொழுந்து டொபிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், வயிறு மறுபடியும் எரிந்தது.