ராக்கம்மா என்னை நம்பவில்லை

சென்ற வாரம் தெய்வானை என்னைத் தேடி, நான் இப்போது வேலை பார்க்கும் நோட்டன் பிரிட்ஜுக்கு வந்தார். டயகமவிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு. "ராக்கம்மாக்கா போயிட்டாங்கய்யா. மூணு நாள் காய்ச்சல்."

"எந்த டாக்டர் பார்த்தார்? என்ன மருந்து கொடுத்தார்?" என்றுதான் முதலில் கேட்டேன். துக்கம் விசாரிக்கும் முறை அதுவல்ல. ஆனால் ராக்கம்மா அதைத்தான் கேட்டிருப்பார்.

அவரை அறிந்த டயகமக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்போது இலங்கை சுதந்திரம் பெற்று நாலைந்து வருடம் இருக்கும். டயகம தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி என் பொறுப்பில் இருந்தது. கொழுந்து பறிக்கும் ராக்கம்மா, இரண்டு வயது நிரம்பிய ஒரே மகள் வள்ளியைத் தூக்கி வந்தார். "வெளக்கு வெளிச்சத்துல இவ கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுதுங்கய்யா." பகல் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சொட்டு மருந்து கொடுத்தேன். மறுபடி வந்தார், மறுபடியும் அதே மருந்து. கண் வீங்கிய பிறகே கொழும்பு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். கண்ணில் புற்றுநோய், தலைக்குள் பரவிவிட்டது என்றார்கள். மூன்று வயது நிறையுமுன் வள்ளி போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் ராக்கம்மா மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதுல என்னங்க இருந்துச்சு?"

ரோஷத்தில் அதை என் கண்ணிலேயே விட்டுக் காட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அப்ப எம் புள்ளைக்கு என்னாச்சு?"

குற்றம் மருந்தில் இல்லை, முதல் நாளே அனுப்பாத என்னிடம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த தெய்வானை கண் வைத்துவிட்டதாகச் சொல்லிப் பேச்சை நிறுத்தினார். பொழுது சாய்ந்ததும் கைவிளக்கோடு, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் குழந்தைகளின் கண்களைப் பார்ப்பார். தாய்மார் அவரைக் கண்டால் பிள்ளைகளை முந்தானையில் மறைத்தார்கள்.

ஒரு மாலை என்னிடம் வந்தார். "தெய்வானை புள்ள கண்ணும் மின்னுதுங்க. இப்பவே வாங்க. பகல்ல பாத்து ஏமாந்தது போதும்."

தெய்வானை வாசலை மறித்தார். "தம் புள்ள போன வயித்தெரிச்சல்ல எம் புள்ளையப் பாக்குறாங்கய்யா!" கெஞ்சித்தான் உள்ளே போனோம். விளக்கைத் தூக்கியதும் குழந்தை ராசாத்தியின் கண்ணில் வெள்ளையாக ஏதோ மின்னியது.

அப்போதே சீட்டு எழுதினேன். கண்ணை எடுத்தால் பிழைப்பாள் என்றார்கள் கொழும்பில். "பொம்பளப் புள்ள, ஒத்தக் கண்ணோட எப்படிங்க?" என்று தெய்வானை அழுதாராம். கூடப் போயிருந்த ராக்கம்மா சொன்னாராம்: "எனக்கு ஒத்தக் கண்ணோடயாவது குடுத்திருக்கலாம்டி."

ராசாத்தி பிழைத்தாள். திரும்பி வந்த ராக்கம்மாவிடம், "வள்ளியையும் முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும், அம்மா" என்றேன்.

"தெரியும்ங்க. அதனாலதான் ஒங்களையே கூப்பிட்டேன். ரெண்டாந்தடவ தட்டிக்கழிக்க மாட்டீங்கன்னு."

மன்னித்தார் என்று சொல்லமாட்டேன். நான் கொடுக்கும் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். ஆனால் மாதாமாதம் ராசாத்தியை இடுப்பில் சுமந்து வந்து, மற்றக் கண்ணைப் பார்க்கச் சொல்வார். "இவ பெரிய மனுஷி ஆகுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்ங்க. ஆயிருவா." அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ராசாத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

தன் பிள்ளைக்கு என்னவோ செய்கிறது என்று இன்றும் தாய்மார் வருகிறார்கள். சில சமயம் என் கண்ணுக்கு ஒன்றும் தென்படுவதில்லை. அப்போது நான் சந்தேகப்படுவது அந்தத் தாயை அல்ல, என் கண்ணைத்தான். ராக்கம்மாவிடமிருந்து என்னிடம் வந்து தங்கியிருப்பது அதுதான்.