நல்ல கையைக் கட்டிய நாள்

பொன்மலையில் வெல்டராக இருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று மாதமாக நான்தான் ஊட்டிவிட்டேன்.

ஒருநாள் மாலை ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், பிசியோதெரபி செய்ய வரும் பெண் அவருடைய இடது கையைத் தடித்த உறைக்குள் போட்டுக் கட்டியிருந்தாள். அவர் வலது கையால் இட்லியைப் பிய்க்கப் போராடிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சாம்பார். கண்ணில் தண்ணீர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "இருக்கிற ஒரு நல்ல கையையும் கட்டிப் போட்டிருக்கியே, நீயெல்லாம் மனுஷியா?" என்று கத்தினேன்.

"அம்மா, வலது கை விரல்ல அசைவு வந்திருக்குங்க. இடது கை உதவிக்கு வராம இருந்தாத்தான் அது வேலை செய்யும். சார் சம்மதிச்சுத்தான் கட்டினேன்" என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. உறையை உருவி எறிந்துவிட்டு, இட்லியைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்குக் குழறினாலும் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"நீ ஊட்டி ஊட்டித்தான் இந்தக் கையைக் கொன்னுட்டே. போ அந்தப் பக்கம்."

நான் பட்ட பாட்டுக்கு இதுவா பதில் என்று பொருமிக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தேன். அவரே இடது கையை நீட்டி உறையை மாட்டிவிடச் சொன்னார். நாலைந்து முறை நழுவிய துண்டு கடைசியில் வாய்க்குப் போனது. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

இப்போது அவரே சாப்பிடுகிறார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கோபம் மட்டும் தீரவில்லை. அது என் மேல்தான். "நீங்களே சாப்பிட்டுப் பாக்குறீங்களா?" என்று அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூட நான் அவரைக் கேட்கவில்லை.