ஈயம் கலந்த பெட்ரோலும் நான் படித்த ஒரு வரியும்

எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதம் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க வெளிநாட்டுக் கம்பெனிகளின் வண்ணப் புத்தகங்களும் கடிதங்களும் பரந்து கிடந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடி, இன்னொரு மூலையில் என் மனைவியின் தையல் கத்தரிக்கோல். மனைவியும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று பிள்ளைகள் கேட்டால், "உங்க மாமா காருக்கு மூளை வாங்கறாங்க. முதல்ல உங்க மாமாவுக்கு ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்பாள். மாமா என்றது அவளுடைய சொந்தத் தம்பியைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் மைத்துனன் வளைகுடாவில் ஏழெட்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி, பள்ளிக்கூட வேன்கள் ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வேனுக்கு முன்னால் அவன் வாங்கியது ஒரு சிவப்பு நிற ஜப்பானியக் கார். எண்பதுகளின் தொடக்கத்தில் செய்தது, வேலை முடிந்து நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுப் பொறியாளர் விற்றுவிட்டுப் போனது. பக்கவாட்டில் டர்போ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையே ஒரு சிறு விசிறியைச் சுழற்றும், அந்த விசிறி கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும், அதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். எந்தக் கணத்தில் எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்ய முன் இருக்கைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அந்த வருடம் ஜூன் மாதமே கொட்டிய மழையில் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றபோது பெட்டி மூழ்கிச் செத்துப்போனது. கார் வீட்டு வாசலில் நின்றது. அதற்குப் புதிய பெட்டி எது வாங்குவது என்பதுதான் எங்கள் மேசையைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

பெட்டியை மாட்டப்போகிறவர் பெருங்களத்தூர் மெக்கானிக். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில், டயர் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்க் கொட்டகைதான் அவருடைய பட்டறை. என் வயதுக்காரர். எட்டாவது வரை படித்தவர். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாட்டுவதுபோல் கழுத்தில் ஒரு டெஸ்ட் பல்பை ஒயரோடு தொங்கவிட்டிருப்பார். ஒயர் வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இணைப்பையும் பற்றவைத்த பிறகு சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி அதன்மேல் உறையாக மாட்டுவார். பிறகு இணைப்பைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான்காவது முறை வண்டிக்காரரையே இழுக்கச் சொல்வார். "நீங்க இழுத்தே வரல இல்ல? நாளைக்கு என்னை சொல்லக்கூடாது" என்பார். சிமெண்ட் தரையும் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளமும் உள்ள ஒரு நிரந்தர ஷெட் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மைத்துனன் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். "இந்தக் காரை ஓட வைங்கண்ணா. ஆறு வேனும் உங்ககிட்டதான் வரும்." அந்த ஆறு வேன்களை நம்பி அவர் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

தேர்வு கடைசியில் இரண்டு பெட்டிகளுக்கு இடையில் வந்து நின்றது. ஒன்று எளிமையானது. பெட்ரோலின் அளவை நாமே சிறிய திருகுகளைத் திருகி ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்படியே ஓடும். மற்றது லண்டன் கம்பெனி ஒன்றுடையது, புகைக்குழாயில் ஒரு சென்சாரைப் பொருத்தி, புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டாவதன்மேல் காதல். மெக்கானிக்குக்கு முதலாவது.

"புரொபசர் சார், கையால திருகறதே போதும் சார்" என்றார் அவர். "இது தானா யோசிக்கும், தானா மாத்திக்கும்ன்றீங்க. தானா யோசிக்கறவன் தானா தப்பும் பண்ணுவான். அப்ப யாரை போய் கேக்கறது, லண்டனையா?"

"உங்களுக்கு இது புரியாது. இது கெமிஸ்ட்ரி" என்றேன்.

"கெமிஸ்ட்ரியா? அப்ப உங்க ஏரியா. நான் வரல" என்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டில் பிரியாணி. சாப்பிட்டுக்கொண்டே, மெக்கானிக் சொன்னதை அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைத்துனன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அத்தான் படிச்சவர். அவர் சொல்றதையே வாங்கிடலாம்" என்றான். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். மருந்தானாலும் மனையானாலும் கார் மூளையானாலும் படித்தவர் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். அந்த அதிகாரத்தை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ருசித்து அனுபவித்தேன்.

பெட்டி கப்பலில் வந்து சேர்ந்த அன்று மாலை, அதனுடன் இருந்த கையேட்டைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ஈயம் கலக்காத பெட்ரோலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஈயம் சென்சாரைக் கெடுத்துவிடும். அன்று தாம்பரத்தில் எந்தப் பங்க்கிலும் ஈயம் கலந்த பெட்ரோல்தான். பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து இன்ஜின் டக் டக்கென்று தட்டாமலிருக்க அதில் ஈயச் சேர்மம் கலக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் சமன்பாட்டோடு எழுதிக் காட்டுகிறவன் நான்! மூன்று மாதம் மேசையை அடைத்துக்கொண்டு ஆராய்ந்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. வண்ணப் புத்தகங்களில் கார் பனிமலை மீது ஏறிக்கொண்டிருந்தது. நானும் கூடவே ஏறிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரியாணிப் பந்தியில் சிரித்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கெட்டுப்போக வருடக்கணக்கில் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையேட்டைக் கல்லூரி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மைத்துனன் கேட்டபோது, "உனக்குப் புரியாதுடா, என்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

மெக்கானிக் நான்கு நாளில் வேலையை முடித்தார். முதல் ஓட்டத்துக்குப் போதகர் ஜெபம் செய்ய வந்தார். மெக்கானிக் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஒருவர் ஏற்பாட்டை மற்றவர் கண்டுகொள்ளவில்லை. காருக்காக ஜெபிப்பதா, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்காகவா என்று போதகர் ஐயப்பட்டபோது, "ரெண்டுக்கும் சேத்தே பண்ணிடுங்க ஐயா, தனித்தனியா பண்ணா டைம் ஆவும்" என்றார் மெக்கானிக். கார் வண்டலூரை நோக்கிப் பாய்ந்தது. டர்போவின் மெல்லிய விசில் எழ, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் என் மனைவி, "டேய், இதுக்கு பிளேன் மாதிரி டிக்கெட்டு எடுத்து சீட் பெல்ட் போடணும்டா" என்று கத்தினாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உரக்கச் சிரித்த பயணம் வேறில்லை. கையேட்டை அந்தச் சிரிப்பில் மறந்தே போனேன்.

ஆறு வாரம் கழித்து மெக்கானிக் கல்லூரி வாசலுக்கே வந்தார். கையில் கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகள். "சார், பெட்டி பெட்ரோலை அள்ளி ஊத்துது. எல்லாம் கரி புடிச்சிகீது. அந்த சென்சார் கின்சார் போயிருக்குமா?" சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். கெட்டுப்போன சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி அதை நம்பி ஊற்றிக்கொண்டிருந்தது. "சென்சார் அப்படியெல்லாம் கெடாது" என்றேன். அவர் பிளக்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மைத்துனனுக்குச் செங்கல்பட்டில் பெண் பார்க்கப் போனோம். வெள்ளைச் சட்டையில் அவன், பட்டுப்புடவையில் என் மனைவி, முன் இருக்கையில் நான். பெருங்களத்தூர் சந்திப்பில் தெற்கே போகும் பேருந்துகளும், மூட்டை முடிச்சோடு காத்திருந்த கூட்டமுமாக ஊரே அடைத்துக்கொண்டு நின்றது. அதன் நட்டநடுவில் கார் இரண்டு முறை இருமி, கறுப்புப் புகையாய்க் கக்கிவிட்டு நின்றுபோனது. புகை பேருந்து நிறுத்தத்தையே மூடியது. "இன்னாப்பா, கொசுமருந்து அடிக்க வந்தியா?" என்று ஒரு கண்டக்டர் கத்தினார். "மாப்ள வண்டி மாதிரி கீது. தள்ளுங்கப்பா, புண்ணியமா போவும்" என்று இன்னொரு குரல். பத்துப் பேர் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். எதிர்ப்பக்கக் கொட்டகையிலிருந்து மெக்கானிக் ஓடி வந்தார். மூடியைத் திறந்து ஒவ்வோர் ஒயராக இழுத்துப் பார்த்தார். "ஒயர்ல ஒண்ணும் இல்ல தம்பி" என்றார்.

மைத்துனன் முகமெல்லாம் கரி. "உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று அத்தனை பேர் முன்னால் அவரிடம் கத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அத்தான், நீங்க சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"ஒயரிங்ல எங்கயாவது லூஸ் கான்டாக்ட் இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஒயர்களிடம் குனிந்தார். படித்தவர் சொல்லிவிட்டார், இருக்குமோ என்று நினைத்தார் போலும். நாங்கள் பேருந்தில் தொற்றிக்கொண்டு செங்கல்பட்டு போனோம். காதோரம் கரியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவானது. அந்த நாளில் நஷ்டம் ஒருவருக்கு மட்டும்தான். மெக்கானிக் ஒரு வாரம் கடையில் வேறு வேலை எடுக்காமல், தான் போட்ட அத்தனை ஒயரையும் பிரித்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி வால்வ் டியூப் மாட்டினார். கார் அப்படியேதான் புகைந்தது. வேன்கள் வந்தபோது ஆறும் தாம்பரத்தில் வேறொரு பட்டறைக்குப் போயின. பார்த்து வைத்த இடத்தை விட்டுவிட்டு, அவர் பள்ளிக்கரணைப் பக்கம் கொட்டகையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மூன்று வருடம் சென்றன. ஈயம் இல்லாத பெட்ரோல் இனிச் சென்னையில் கிடைக்கும் என்று ஒரு காலை செய்தித்தாளில் வந்தது. என் மனைவி அதை உரக்கப் படித்தாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அன்றே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை போனேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் அவரைக் கண்டுபிடித்து, மூன்றாம் பக்கத்து வரி முதல் இழுப்பறை வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். "அய்ய, இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? உங்க மச்சான்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப என்கிட்ட சொல்லி இன்னா சார் புண்ணியம்? என் ஒயரிங் தப்பு இல்லைன்னு எனக்கு தெரியும். தெரியாதவன் அவன்தான்." ஒரு ஸ்பேனரை எடுத்து, தேவையில்லாமல் துடைத்து, திரும்ப வைத்தார். "அந்த ஒரு வாரம்தான் சார் பேஜாரா போச்சு. பிரிச்சு பிரிச்சு பாத்து, என் கை மேலயே எனக்கு டவுட்டு வந்துடிச்சு. அது வரக்கூடாது சார், வேலை செய்யறவனுக்கு."

அன்று மாலையே மைத்துனனிடம் போனேன். போனவன் பாதியைத்தான் சொன்னேன். "பெட்ரோல்ல இருக்கிற ஈயம்தான்டா சென்சாரைக் கெடுத்திருக்கு. அப்போ நம்ம யாருக்கும் தெரியல. இன்னைக்குப் பேப்பரைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு." அவன் குதித்து எழுந்தான். அன்றே பள்ளிக்கரணைக்குப் போய் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டு, ஆறு வேன்களில் இரண்டையும் காரையும் அவரிடமே விட்டான். அவர் சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பெட்டியிலும் இருந்த திருகுகளைத் தன் கையாலேயே திருகிச் சரிசெய்தார். கார் ஒன்பது வருடம் விசிலடித்துக்கொண்டு ஓடியது. அதுவரை நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும், "எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடாததை எங்க அத்தான் பேப்பரைப் பார்த்தே கண்டுபிடிச்சார்" என்று மைத்துனன் கதை சொல்லத் தொடங்கினான். நான் தலையை லேசாகக் குனித்து, அடக்கமுள்ளவன்போல் புன்னகை செய்வேன். முப்பது வருடமாகச் செய்து வருகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மாடம்பாக்கத்தில் மைத்துனன் வீட்டில் கூடினோம். மெக்கானிக்கும் வந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, பட்டறையை மகள் பார்த்துக்கொள்கிறாள். மைத்துனன் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதையை எடுத்தான். இப்போது எல்லாக் காரிலும் அந்தச் சென்சார் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கண்டுபிடித்த தாத்தாவைத்தான் வியப்போடு பார்த்தார்கள். மெக்கானிக் கேக்கை மென்றுகொண்டே, "சார் ரொம்ப படிச்சவரு இல்ல, அதான்" என்றார். கேலியா, பெருந்தன்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

மைத்துனன் நான் எழுதி அச்சில் வருவதையெல்லாம் படித்துவிடுவான். இதையும் படிப்பான். ஆகையால் மீதிப் பாதியை இங்கேயே சொல்கிறேன். மச்சான், அந்த வரியை நான் பெட்டி வந்த அன்றே படித்துவிட்டேன். பெருங்களத்தூரில் நீ கேட்டபோது காரணம் எனக்குத் தெரியும். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தேன். அவருடைய ஒயரிங்கில் ஒரு குறையும் இல்லை, முதல் தடவையும் இல்லை, அவர் பிரித்துப் போட்ட இரண்டாம் தடவையும் இல்லை. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறேன். பேரப்பிள்ளைகளை உட்கார வை, அவரையும் வரச்சொல். இந்தத் தடவை கதையை நானே சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம்.