அண்ணன் விட்டுச் சென்ற வெள்ளைச் சேறு

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் முதலில் ஓர் எச்சரிக்கை: எழுதுவது இளையவன். அழ வேண்டிய இடத்தில் சிரித்து அடி வாங்கியவன் யாரென்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் காட்டுவீர்கள்.

அண்ணன் பிறந்தது பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில், ஆற்று வெள்ளம் ஏறினால் கட்டிலுக்கடியில் மீன் ஓடும் வீட்டில். அப்பா சீக்கிரமே போய்விட, குடும்பத்தையும் என்னையும் அவர்தான் சுமந்தார். இரண்டில் குடும்பம் இலேசு. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த அவரை, எண்ணெய் தேடி வந்த துரை ஒருவர் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

வடக்கே ஒரு நாள் படகுப் பயணத்தில் ஒரு தீவு. அதைப் பவளத்திட்டு வளைத்திருப்பதால் உள்ளே அலையே இல்லாத, ஆழமற்ற கடற்கழி. அதன் அடியில் பித்தளைக் குழாயை இறக்கி வெள்ளைச் சேற்றை எடுத்து வருவதுதான் வேலை.

"கடல்ல சேறு அள்ளவா சம்பளம் கொடுக்கிறான் துரை?" என்று கேட்டேன்.

"சேறு இல்லடா. பாறையோட சின்ன வயசு."

சிப்பியும் பவளத் துண்டும் நண்டு ஓடும் படிந்து, காலப்போக்கில் இறுகிச் சுண்ணாம்புப் பாறையாகுமாம். பூமிக்கடியில் அப்படிப்பட்ட பாறையின் பொத்தல்களில்தான் எண்ணெய் தேங்குமாம். போய்ப் பார்க்க முடியாத அந்தப் பாறையை, இன்று படியும் சேற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமாம். சாப்பிடும்போதும் இதே பேச்சு. பவளத் துண்டு ஒன்றை என் கண்ணருகே பிடிப்பார்: "பொத்தலப் பாருடா. இங்கதான் எல்லாம் தங்கும்."

அண்ணி அந்தச் சேற்றை வாசற்படி தாண்ட விடவில்லை. உலர்த்திப் பொடித்த சேறு, தகர டப்பாக்களில் பின்கொட்டகைக்குப் போயிற்று. வெயில் ஏறினால் அவற்றின் மூடி 'டொக்' என்று தெறிக்கும். காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களிலும் அண்ணன், "மூடிய நல்லா அழுத்தி வைடா" என்றுதான் பிதற்றினார்.

சுடலையில் எடுத்த சாம்பலைக் கரைக்க முடியாதபடி அன்று கடல் கொந்தளித்தது. சாம்பலை வீட்டுக்குள் வைக்கலாகாது என்று சின்ன மாமா கலயத்தைக் கொட்டகையில் வைத்தார். கூரை ஒழுகிக் கலயம் விரிசல் விட, காலி டப்பா ஒன்றில் சாம்பலை மாற்றி, கொட்டகை அலமாரியிலேயே வைத்துவிட்டார். மற்றவற்றைத் துரை எடுத்துப்போன பிறகு மிஞ்சிய அண்ணனின் சேற்று டப்பா ஒன்றும் அங்கே இருந்தது.

மறுநாள் கடல் அடங்கியது. "எது மாமா?" என்றேன்.

"நான்தானே வெச்சேன், எனக்குத் தெரியாதா? இதுதான்லா." மூடியைத் திறந்தார். "இல்லப்பா... அதுதான்லா."

இரண்டிலும் வெளிறிய சாம்பல் நிறப் பொடி. இரண்டிலும் வெள்ளைத் துண்டுகள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவங்கள இங்க விட்டுட்டு, சேத்துக்குச் சடங்கு செய்யவா தம்பி?"

சேற்றைச் சோதிக்க அண்ணன் செய்வதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். சேறு மட்டும் பொங்கும் என்று நம்பினேன். இரண்டும் ஒரே குரலில் சீறின. துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். எலும்பிலும் பவளத்திலும் அதே பொத்தல்கள். ஏதாவது வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன்.

பின்னால் 'டொக்'. திறந்து கிடந்த இரண்டு டப்பாக்களைத் தவிர அலமாரியில் வேறு டப்பாவே இல்லை. நான் வீரமாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது வாசலில் நின்றேன்.

அண்ணி மட்டும் அசையவில்லை. "ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. அவங்க சேறு அள்ளின அந்தக் கடற்கழியிலேயே கரைச்சிடுங்க" என்றார்.

அப்படியே செய்தோம். மந்திரம் சொல்லி இரண்டையும் சாய்த்தோம். தண்ணீர் பால்போல் கலங்கியது; பொடி மெல்ல மெல்ல அடியில் படிந்தது. எது அண்ணன், எது சேறு என்று இனிக் கடலுக்கும் தெரியாது. அவர் சொன்ன பாறையில் இப்போது அவரும் இருக்கிறார்.

துணை நின்ற படகுக்காரர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், நல்ல மனதோடு டப்பா மாற்றிய சின்ன மாமாவுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. நினைவு நாளுக்கு வருவோர் பகலில் கொட்டகைப் பக்கம் 'டொக்' என்று கேட்டால் பயப்பட வேண்டாம். டப்பாக்கள் போய் ஓராண்டாகிறது, சத்தம் போகவில்லை. அண்ணி என்னைப் பார்ப்பார். நான் எழுந்து போய், வெறும் அலமாரியில், இல்லாத மூடியை நன்றாக அழுத்தி வைத்துவிட்டு வருவேன்.