பிரவுன் டேப் ஒட்டிய தரை

அரேபியா உடையாமல் காப்பாற்றியவன் நான். கல்ஃபில் நாங்கள் குடியிருந்த அல் குசைஸ் ஃபிளாட்டில், ஒரு பிரவுன் டேப் சுருளை வைத்துக் காப்பாற்றினேன். இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

அன்று பள்ளியில் டீச்சர் ஒரு படம் காட்டினார். செங்கடலுக்கு அந்தப் பக்கம், எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனம். தரை நெடுக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் நெருப்புக் குழம்பு. ஆப்பிரிக்காவை விட்டு அரேபியா விலகிக்கொண்டிருக்கிறதாம், நகம் வளரும் வேகத்தில். வேகத்தை அளக்கலாம் என்றால், பயத்தில் என் நகங்களை ஸ்கூல் பஸ்ஸிலேயே கடித்துத் தின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே டைல்ஸில் ஒரு விரிசல். கன்னத்தை வைத்துப் பார்த்தேன், சுட்டது. ஜூன் மாதம், ஏசி வேறு ரிப்பேர், எதுதான் சுடாது? எனக்கு அது தோன்றவில்லை. கட்டில் ஆப்பிரிக்காவில், உம்மாவின் அடுப்பு அரேபியாவில் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மூலையில் காலி அட்டைப்பெட்டிகள், மேலே புது டேப். நெடுக ஒட்டினேன், குறுக்கே ஒட்டினேன். சுருள் தீர்ந்தது.

“என்னடா இது?” என்றாள் உம்மா.

“பூமி பிளக்குது உம்மா. ஒட்டிட்டேன்.”

“பெட்டிக்கு வச்சிருந்த டேப்புடா, முசீபத்தே!”

ஓங்கிய கை இறங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் பயம் போலிருக்கிறது என்று, “மெதுவாத்தான் பிளக்குமாம் உம்மா” என்று ஆறுதல் சொன்னேன். அழுகை கூடியது.

டூட்டி முடிந்து வந்த வாப்பா தரையைப் பார்த்தார். “கலாஸ், விடு. வேற வாங்கிக்கலாம்” என்று கீழே கடைக்குப் போனார்.

புது டேப்பில் பெட்டிகளை ஒட்டி, மேலே மார்க்கரால் பேரும் ஊரும் எழுதினார். லீவுக்குப் போகிறோம் என்று குதித்தேன். லீவுப் பெட்டி என்றால் சோப்பு, பால்பவுடர், கம்பளி. இதில் உம்மாவின் குக்கரும் தோசைக்கல்லும் என் புத்தகங்களும் போயின. வாப்பாவின் சட்டை ஒன்றுகூடப் போகவில்லை.

கம்பெனி ஃபேமிலி விசாவை நிறுத்தியதும், வாப்பா கம்பெனி ஆட்கள் சேர்ந்து தங்கும் கேம்ப் ரூமுக்கு மாறியதும் ஊருக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் லீவில் வந்துபோகும் ஒரு ஆள்.

அன்று ஃபிளாட்டை விட்டுக் கிளம்பும்போது அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: “டேப் உரிஞ்சா திரும்ப ஒட்டிடுங்க வாப்பா.”

“சரிடா” என்றார்.

நான் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவேயில்லை.