கொப்புளம் வராத சவுக்கு

எங்கள் அண்ணி அமல்ராணி, திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே ஒரு தனியார் மர ஆராய்ச்சிக் கூடத்தில், ஜெகதீசன் சாருக்குக் கீழே வேலை பார்த்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சவுக்குக்கு ஊசி போடுறாங்க" என்பேன். எனக்கு அவ்வளவுதான் எட்டியது.

ஊசியெல்லாம் இல்லை. எங்கள் ஒலக்கூர் பக்கம் சவுக்குக்குக் கொப்புள நோய் வந்தால் பட்டை உப்பி வெடிக்கும், மரம் நின்றபடியே காயும். எங்கள் அப்பாவின் தோப்பும் அப்படித்தான் போனது. செடிக்குள் மரபணுவைப் புகுத்திவிடும் கிருமி ஒன்று மண்ணில் இருக்கிறதாம். அதனிடம் நோய் தாங்கும் மரபணுவைக் கொடுத்தனுப்பி, சவுக்குத் துணுக்குகளை அதில் ஊறவைத்து, குப்பிகளில் வளர்ப்பார்கள். முக்கால்வாசி கறுத்துச் செத்துவிடும். தக்காளி என்றால் அந்த வருஷமே பலன் தெரிந்துவிடும். மரம் என்றால் மனுஷ ஆயுசில் பாதி போய்விடும். அண்ணிக்குப் போனது. அண்ணன் மகள் வெனிலா அந்தக் குப்பிகள்மேல் பொறாமைப்பட்டே வளர்ந்தாள்.

புயலில் கரண்ட் போய்க் குப்பிகள் எல்லாம் அழுகிவிட்டன. வேலிக்குள் நட்டிருந்த ஒரே ஒரு மரம் மிஞ்சியது. அதைச் சுற்றிச் சாதாரணச் சவுக்கை நட்டு, வேண்டுமென்றே நோயை ஏற்றியிருந்தார்கள். அவையெல்லாம் வெடித்துக் காய, இது மட்டும் அசையாமல் நின்றது. பொங்கல் கழித்து டெல்லியிலிருந்து குழு வரும், மரத்தைப் பார்த்தால் ஆராய்ச்சி தொடரும், அண்ணிக்கு வேலை நிரந்தரம். "கரையேறிட்டோம் செல்வி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் சவுக்குதான் மரம். முந்தின நாள் மதியம் அண்ணி சர்ச்சில் குடில் கட்டப் போயிருந்தார். அப்போது ஆராய்ச்சிக்கூடத்தின் புது வாட்ச்மேன் விருத்தாசலம் ஒரு சவுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஜெகதீசன் சார் குடுத்தனுப்பினாரும்மா. நல்ல மரமா பார்த்து அமல்ராணி அம்மாவுக்கு வெட்டிக் குடுன்னாரு. மத்ததெல்லாம் கொப்புளமா கெடந்துச்சு. இது ஒண்ணுதான் தளதளன்னு நின்னுக்கினு இருந்திச்சு."

வெனிலா ஆசையாக அதற்கு நட்சத்திரம் கட்டினாள், சீரியல் பல்பு சுற்றினாள். அண்ணி வாசலில் கால் வைத்தார். பார்த்தார். "ஐயோ, மாதாவே!" என்று கத்திய கத்தலில் அக்கம்பக்கமே ஓடிவந்தது.

சேதி தெரிந்து ஜெகதீசன் சார் காரில் பறந்து வந்தார். பெரிய படிப்பு, அந்த ஆளுக்கு. 'எந்த மரம்' என்று சொல்லியனுப்ப வாய் வரவில்லை.

"கொழுந்து இன்னும் வாடல சார்," அண்ணி கெஞ்சினார். "கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கறேன். வேர் விட வச்சிடறேன்."

"மரபணு மாத்தின மரம் வேலியைத் தாண்டவே கூடாதுன்னு சட்டம்மா. வெளியே தெரிஞ்சா என் தலை உருளும். கொளுத்திடு."

"நீங்கதானே சார் அனுப்பினீங்க?"

"இருக்குது ஒன் வீட்ல. யார் நம்புவாங்க?"

கொல்லையில் அண்ணி கையாலேயே கொளுத்த வைத்தார், பாவி. பச்சைச் சவுக்கு லேசில் எரியவில்லை. திரும்பத் திரும்ப மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. வெனிலா நட்சத்திரத்தை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

குழு வந்தது. மரம் எங்கே என்று கேட்டது. "கொப்புள நோயில பட்டுப்போச்சு" என்று சார் வாய் கூசாமல் சொன்னாராம். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "அப்படித்தானேம்மா?" என்றாராம்.

வேலையாவது மிஞ்சட்டும் என்று அண்ணி தலையாட்டியிருக்கிறார். நோய் தாங்காத மரத்துக்கு எதற்கு ஆராய்ச்சி என்று குழு மொத்தத்தையும் மூடிவிட்டது. வேலையும் போயிற்று. சாருக்கென்ன, கோயம்புத்தூரில் இன்னும் பெரிய இடம் கிடைத்துவிட்டது.

அண்ணி இப்போது மயிலம் ரோட்டில் ஒரு நர்சரியில் சவுக்குக் கன்று விற்கிறார். போன வாரம் ஒரு விவசாயி, "கொப்புளம் வராத கன்னு இருக்குதாம்மா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அப்படி ஒண்ணு கெடையாதுங்க" என்றார் அண்ணி.

விவசாயி போன பிறகு என்னிடம் சொன்னார்: "அந்த மரத்துக்கு வராத நோவை நான்தான்டி வர வச்சேன்."